அண்ணையைக் கூட்டிவரப் போனேன்

பலாலியில் விமானம் ஏறி, ஜன்னலோர இருக்கை வாய்த்ததென்று மகிழ்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் ஊர் பேர் விசாரித்து முடிப்பதற்குள் திருச்சி வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் போவதென்றால்கூட இதைவிட நேரம் எடுக்கும். இதே கடலை என் அண்ணை முப்பது வருடங்களுக்கு முன்னால், தண்ணீர் ஏறிய படகில், விடியும்வரை வாளியால் இறைத்து இறைத்துத் தாண்டினார். அந்தக் கதையைத் தொலைபேசியில் எத்தனையோ தரம் கேட்ட எனக்கு, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து இறங்குவது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணையைத் திரும்ப ஊருக்குக் கூட்டிப்போக வந்தேன். அவர் திருச்சியில் அகதி முகாமில் இருக்கிறார். அங்கேயே கல்யாணம் செய்தார், அங்கேயே மகள் பிறந்தாள், அங்கேயே மனைவியைப் பறிகொடுத்தார். நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். போன வருடம் அம்மாவும் போய்விட்டா. அவ்வளவு பெரிய வீட்டில் இப்போது நான் ஒருத்தி. இனி அண்ணை வரவேண்டியதுதான் என்று நானே முடிவெடுத்து, வரும்போது போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். சட்டை அளவு குத்துமதிப்புத்தான். ஆளை நேரில் பார்த்தே அத்தனை காலமாகிவிட்டதே!

குடிவரவு மேசையில் இருந்த இளைஞர், எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். அண்ணையைப் பார்க்க என்றேன். அவர் எங்கே இருக்கிறார் என்றார். "இஞ்சதான், முகாமில" என்றேன். ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தித் தந்தார். சுங்கத்தில்தான் கொஞ்சம் சுணக்கம். என் மிளகாய்த்தூளை மூன்று பேர் மாறி மாறி மோந்து பார்த்தார்கள். மூன்றாமவர் தும்மத் தொடங்கியதும் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வதனி நின்றாள். அண்ணையின் மகள். "வாங்க அத்தை" என்று பெட்டியைப் பிடித்தாள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் தங்கை மாமி. 'அத்தை' என்று கேட்டதும் யாரையோ கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணும் மூக்கும் அப்படியே அண்ணை. வாயைத் திறந்தால் முழுத் திருச்சி.

ஆட்டோக்காரர் போகிற வழியில் அவளிடம், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். இந்த நாட்டில் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை அதுதான் போலிருக்கிறது. "லால்குடி பக்கம்" என்றாள் வதனி, கண் இமைக்காமல். நான் வாயைத் திறந்தேன். என் கையைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினாள். ஆட்டோக்காரரின் போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு விவாதம். அந்த வாரம் முழுக்க அதுதான். எங்கே போனாலும் நாலு தலைகள் ஒரு பெட்டிக்குள் கத்தின.

முகாமில் வெளியாள் இரவு தங்க முடியாது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பார்க்கவேண்டுமென்று அம்மாவுக்குக் கடைசிவரை ஓர் ஆசை இருந்தது. அதனால் அங்கே, சித்திரை வீதியில் ஒரு சின்ன லாட்ஜில் வதனி எனக்கு அறை எடுத்திருந்தாள். லாட்ஜ்காரர் ரங்கராஜன், நெற்றியில் திருமண்ணும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக இருந்தார். "வாங்கோ, உக்காருங்கோ" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். திருச்சி முழுக்க 'வாங்க, போங்க' என்றிருக்க, இந்த ஒரு வீதியில் மட்டும் எங்கள் ஊர் 'வாங்கோ' எப்படி வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரி என்பதால் என் விவரங்களைப் பதிந்துகொண்டே அவர் தன் கவலையைச் சொன்னார். மகன் அமெரிக்காவில். பதினைந்து வருடமாக வேலை, வரி, எல்லாம் ஒழுங்கு. இன்னும் நிரந்தரமாகத் தங்க அனுமதி வரவில்லை. புதிதாக ஏதேதோ சட்டம் பேசுகிறார்களாம். பேரக்குழந்தை அங்கேயே பிறந்தது. "இத்தனை வருஷம் உழைச்சவாளைப் போ போன்னா எங்கே போவா? மனுஷாதானே அவாளும்?" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. அதற்குள் அவருடைய டிவியிலும் அந்த நாலு தலைகள் வந்தன. ரங்கராஜன் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "கண்டவாளையெல்லாம் உள்ளே விட்டா இந்த தேசம் தாங்குமா, சொல்லுங்கோ" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் முகாமுக்குப் போனேன். விமான நிலையத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அண்ணை வாசலில் நின்றார். தலை நரைத்து, பெயின்ட் வேலை செய்து செய்து நகமெல்லாம் வெள்ளையாக. நான் அழுதேன். அவர் அழவில்லை. "ஏன் ஈசு இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றார். நான் பிறந்த நாளிலிருந்து மெலிந்ததே கிடையாது. அதைச் சொல்லிச் சிரித்ததில் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

ஒரே அறை வீடு, நல்ல துப்புரவு. என் மிளகாய்த்தூளைப் போட்டு அவரே மீன்குழம்பு வைத்தார். தேங்காய்ப்பால் விட்டுச் சொதியும் வைத்தார். முதல்நாள் ஓட்டலில் ஒரு சாம்பார் சாப்பிட்டிருந்தேன். அதில் வெல்லம் போட்டிருந்தார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை. அண்ணையின் சொதியை வாயில் வைத்த பிறகுதான் வந்து சேர்ந்தது போலிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டியத்துப் பூவன் பழம். எங்கள் கதலிக்குக் கிட்ட வரும். கதலி என்று சொல்ல என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கூரைக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. அண்ணை நிமிர்ந்து பார்க்காமலே, இது சிங்கப்பூர், இது துபாய் என்றார். கொஞ்சம் சின்னச் சத்தமாக ஒன்று எழும்பியதும் பேச்சை நிறுத்தினார். "இது எங்கட" என்றார். நான் வந்த விமானம் திரும்பிப் போகிறது. நாள் தவறாமல் கேட்பாராம்.

அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். கேட்டுக்கொண்டு கிடப்பானேன், ஏறி வாங்கோ என்றேன். வீடு கிடக்கிறது, கிணறு கிடக்கிறது, நான் கிடக்கிறேன். அவர் பொறுமையாக விளக்கினார். போக வேண்டுமென்றால் இங்கே அனுமதி வாங்கவேண்டும். போனால் முகாம் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். திரும்பி மகளைப் பார்க்க வருவதென்றால் என்னைப் போல விசா கேட்டுத்தான் வரவேண்டும். தந்தாலும் தருவார்கள், தராமலும் விடுவார்கள். வதனியிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, தில்லை நகரில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். ஆனாலும் சட்டப்படி இந்த நாட்டுக்காரி இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன் என்றேன். பார்த்தே இராத ஊருக்கு அவள் எதற்கு வரவேண்டும் என்று கேட்டார்.

நான் விடவில்லை. விடுகிற பழக்கமும் எனக்கில்லை. வதனிக்கு இருபத்தாறு வயது, வேலை இருக்கிறது, தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள். தனியாக இருக்கிற கிழவி நான்தான் என்றேன். வதனியும் வாசலில் உட்கார்ந்தபடி, "போய்ட்டு வாங்கப்பா. எத்தனை வருஷம் அந்த பிளேனையே கேட்டுட்டு இருப்பீங்க" என்றாள். அண்ணை நகத்துப் பெயின்டைச் சுரண்டினார். பிறகு, "சட்டை எங்கை? கொண்டா, அளவு பாப்பம்" என்றார். போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதம். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. லாட்ஜுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் உட்கார்ந்து, எந்த அறையை வெள்ளையடித்து அவருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் தணிக்கை. முகாமில் அவ்வப்போது அதிகாரிகள் வந்து பேர் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் எல்லாரும் முகம் காட்டவேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கவேண்டும். இத்தனை வருடத்தில் அண்ணை ஒருதரம்கூடத் தவறவிட்டதில்லை. மனைவிக்குக் காரியம் செய்த நாளிலும் போய் நின்றாராம். வழக்கமாக வேலை முடிகிற நேரத்துக்குத்தான் வருவார்கள் என்பதால், வதனி ஏதாவது காரணம் சொல்லிக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி வந்துவிடுவாள். அண்ணை அன்று எங்கும் நகர முடியாது. சரி, மருமகள் வேலை செய்கிற இடத்தைப் பார்த்து வருவோம் என்று நான் புறப்பட்டேன்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் காசை நீட்டினேன். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்றார். நான் வெளிநாட்டுக்காரி, எனக்கு இது பொருந்தாது என்று விளக்கினேன். சங்கக்கடையில் இருந்தவளுக்கு உரிமையில்லாததை வாங்கக் கை வராது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீங்க பொம்பளைதானே? உக்காருங்க, பின்னாடி வழிய விடுங்க" என்றார். இருந்தேன். இந்த நாட்டில் என்னிடம் கடவுச்சீட்டுக் கேட்காமல் ஓர் உரிமையைக் கையில் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

தில்லை நகரில் குறுக்குத் தெருக்களுக்குப் பேர் கிடையாது, இலக்கம்தான். எல்லாத் தெருவிலும் ஒரு ஆஸ்பத்திரி, ஒரு மருந்துக்கடை, ஒரு ஜூஸ் கடை. இரண்டு தெரு தள்ளி இறங்கி, யாரோ ஒரு பல் டாக்டரிடம் போய் வதனியைக் கேட்டு, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து லேப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். இதைச் சொல்வது, அப்போது என் மனநிலை எப்படி இருந்தது என்று தெரிவதற்காக.

முன் மேசையில் ஸ்டெல்லா என்ற பெண் இருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, சிரித்த முகம். வதனியின் அத்தை என்றதும் எழுந்து தன் நாற்காலியையே தந்தாள். நான் பையிலிருந்து ஒரு பனங்கட்டிக் குட்டான் எடுத்துக் கொடுத்தேன். பனைவெல்லம் அடைத்த அந்த ஓலைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, லால்குடியில் இதெல்லாம் செய்கிறார்களா என்று அதிசயப்பட்டாள். அந்த நேரம் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சுவரில் டிவி. அதே நாலு தலைகள். ரத்தம் கொடுத்துவிட்டு முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பக்கத்திலிருந்த கிழவிக்கு மின்விசிறியைத் திருப்பிவிட்டவர். டிவியைப் பார்த்து, "பிரச்சினைன்னு வந்தாங்க, சரி, இடம் குடுத்தோம். இப்பதான் அங்க சண்டை முடிஞ்சுபோச்சே. கிளம்ப வேண்டியதுதானே" என்றார். ஸ்டெல்லாவும் ஆமோதித்தாள். தன் அண்ணனே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான், வந்தவர்களையெல்லாம் வைத்துக்கொண்டால் இருக்கிறவர்கள் எங்கே போவது என்றாள். அவள் சொன்னதில் வஞ்சகம் இல்லை. வீட்டில் சும்மா இருக்கிற அண்ணனை நினைத்துச் சொன்னாள். அதெல்லாம் இப்போது விளங்குகிறது. அப்போது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஐயா, வலிச்சதோ?" என்று அவரைக் கேட்டேன்.

"எதுங்க?"

"ஊசி."

"இல்லைங்க. குத்தினதே தெரியல. அந்தப் பொண்ணுக்கு நல்ல கை."

"அந்தப் பிள்ளையும் நீங்கள் சொல்லுற ஆக்களில ஒண்டுதான். முகாமில இருந்துதான் வேலைக்கு வாறாள். இஞ்சதான் பிறந்தவள். அவளை எங்க கிளம்பச் சொல்லுறியள்?"

உள் கதவருகில் வதனி நின்றாள், கையில் ரத்தக் குழாயோடு. எப்போது வந்தாளோ. அந்த மனிதர் பஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். வதனி அடுத்தவரின் பேரைக் கூப்பிட்டாள். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், கையை நீட்டினார்கள், வந்தார்கள். ஒருவரும் வேண்டாமென்று எழுந்து போகவில்லை. எனக்கு அங்கே உட்கார முடியாமல் வெளிப்படியில் போய் நின்றேன்.

கூட்டம் குறைந்ததும் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"லால்குடின்னு சொன்னா அதோட விட்டுடுவாங்க அத்தை. முகாம்னு சொன்னா பாவம்னு பார்ப்பாங்க. இல்லேன்னா இன்னும் போகலையான்னு கேப்பாங்க. ரெண்டுல எதைக் கேட்டாலும் அன்னைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடாது. எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும்ங்கறது மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்தேன். நீங்க ஒரு வாரத்துல கிளம்பிடுவீங்க. நாளைக்கு நான்தான் இங்க வரணும்."

அவளுக்காகப் பரிந்து பேசியதாக நினைத்தேன். கோபம் வந்ததால் பேசினேன் என்பதுதான் உண்மை. அப்படியே சொன்னேன். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து ஏதோ செய்தாள். படியில் உட்கார்ந்து இப்படிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம்.

ஸ்டெல்லா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "வதனி, உன் போன் உள்ள அடிச்சுட்டே இருக்கு. அப்பான்னு வருது."

அண்ணைதான். அதிகாரிகள் அன்று முன்னதாகவே வந்துவிட்டார்கள். பேர் கூப்பிடத் தொடங்கியாகிவிட்டது. வதனியின் முகம் வெளிறிப்போயிற்று. ஆட்டோ பிடித்தாலும் அந்த நெரிசலில் எப்போது போய்ச் சேர்வது? என்ன தணிக்கை, எதற்குப் பேர் கூப்பிடுகிறார்கள் என்று ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கவும் நேரமில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இப்போதே போகணுமா? ஆமாம் என்றதும் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "ஏறு" என்றாள். சந்து ஒன்றுக்குள் திரும்பி இரண்டு பேரும் மறைந்தார்கள். நான் பனங்கட்டிப் பையோடு நடைபாதையில் நின்றேன்.

இரண்டு பஸ் மாறி நான் முகாமுக்குப் போனபோது அதிகாரிகள் போய்விட்டிருந்தார்கள். அண்ணையின் வீட்டில் ஸ்டெல்லா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உறைப்பில் கண்ணால் தண்ணீர் வடிந்தது, தட்டை விடவில்லை. கடைசிப் பேர் கூப்பிட்டு எழுந்திருக்கிற நேரத்தில் இவர்கள் போய்ச் சேர்ந்தார்களாம். அதிகாரி நல்லவர், மறுபடி உட்கார்ந்து குறித்துக்கொண்டாராம். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா மூடி மறைக்கிற ரகமில்லை. கை கழுவிவிட்டு, "நான் சொன்னது சொன்னதுதான் ஆன்ட்டி. எங்க அண்ணனுக்கு வேலை கிடைக்கலைங்கறது நெஜம்தானே. ஆனா இவ வேற" என்றாள். அந்த வார்த்தையைத்தான் பிறகு நெடுநேரம் யோசித்தேன். இவ வேற. தெரிந்தவள் என்றால் எல்லாருக்கும் வேறதான். எங்கள் ஊரிலும் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்து குடியேறியவர்களை இன்றைக்கும் 'வந்த ஆக்கள்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் என் பக்கத்து வீட்டு வந்த ஆள் வேற, அவர் தங்கமான மனிதர். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு வேற இருக்கிறார். சட்டம் எழுதுகிறவர்களுக்கு அப்படிப் பக்கத்து வீடு ஒன்று வாய்க்குமா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக் கோயிலுக்குப் போனேன். வதனி வேலைக்குப் போய்விட்டாள். போகத்தான் வேணும் என்றாள். எங்களை வழியனுப்பும்போது ரங்கராஜன், துலுக்க நாச்சியாரைச் சேவிக்காமல் வந்துவிடாதீர்கள் என்றார். டில்லி பாதுஷாவின் மகளாம். பெருமாள்மேல் மனதைப் பறிகொடுத்து, அவரைத் தேடி அவ்வளவு தூரம் வந்தவளாம். அவளுக்குச் சிலை கிடையாது, சித்திரம்தான். அவள் வழக்கப்படி பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைப்பார்களாம், கைலி மாதிரி வேட்டி கட்டுவார்களாம். "இன்னிக்கும் நடக்கறது" என்று பெருமையாகச் சொன்னார்.

"அவவிட்ட விசா இருந்ததோ?" என்று கேட்டேன்.

ரங்கராஜன் சிரித்தார். சிரித்துவிட்டு, "பெருமாளைத் தேடி வந்தவளுக்கு விசா எதுக்கு?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் மகன் முறைப்படி எல்லாம் எழுதிக் கொடுத்துப் போனவன், அது வேறு விஷயம் என்றார். அண்ணை பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "நானும் வந்து இறங்கின அண்டைக்கே பேர் பதிஞ்சனான், ஐயா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் மாதிரிச் சொன்னார். ரங்கராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மடப்பள்ளிப் பிரசாதம் நன்னா இருக்கும், வாங்கிச் சாப்பிடுங்கோ" என்றார். இரண்டு கரையிலும் நின்றுகொண்டு பேசுகிறவரிடம் அதற்குமேல் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அவருடைய மகனும் எங்கோ ஒரு மேசைக்கு முன்னால்தான் நிற்கிறான்.

நாச்சியாரைக் கும்பிட்டோம். பெருமாளைக் கும்பிட்டோம். அம்மாவை நினைத்துக்கொண்டேன். வெளியே மணல்வெளியில் ஒரு தூண் நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். நான் மெதுவாகத் தொடங்கினேன். அனுமதி வாங்க எவ்வளவு நாளாகும், நான் இன்னும் கொஞ்சநாள் நின்று சேர்ந்தே போகலாமா என்று. அண்ணை சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"நேற்று பேர் கூப்பிட்டவங்கள், ஈசு. வதனி எண்டு கூப்பிட்டாங்கள். ஆள் இல்லை. அதிகாரி பேனையை வைச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறார். நான், வாறாள் ஐயா, வந்துகொண்டிருக்கிறாள் எண்டு சொல்லிச் சொல்லி நிண்டன். மற்ற ஆக்களை முதல்ல கூப்பிடுங்கோ எண்டன். பிள்ளை வந்து சேருமட்டும் அப்பிடித்தான் நிண்டன்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் இல்லாட்டி அதை ஆர் சொல்லுறது?"

"அவள் பெரிய பிள்ளை, அண்ணை."

"பெரிய பிள்ளைதான். ஆனா எந்த நாட்டிலையும் அவளைத் தன்ர ஆள் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. ஒரு நாடு சொல்லட்டும். அண்டைக்கு வாறன்."

அதற்குள் செத்துப்போனால் என்று கேட்டேன். கோபத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். செத்தால் தணிக்கைக்கு நிற்கத் தேவையில்லைதானே என்றார். நான் சிரிக்கவில்லை. முந்தின நாள் லேப்பில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், படியில் உட்கார்ந்து பேசவேண்டி வந்திராது. வதனி நேரத்துக்குப் போயிருப்பாள். அண்ணை அந்த அதிகாரிக்கு முன்னால் அப்படி நின்றிருக்கமாட்டார். சட்டையைப் போட்டு அளவு பார்த்த மனிதர் வந்திருப்பார். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், இல்லை, அதனால் இல்லை என்று என்னைத் தேற்றத் தொடங்குவார். அதை என்னால் தாங்க முடியாது.

மிச்ச நாள் மலைக்கோட்டை ஏறினேன், காவிரியில் கால் நனைத்தேன், யாருக்கோ என்னென்னவோ வாங்கினேன். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. லேப்பில் வதனியை அழைத்து, வேலைக்கு வந்துகொண்டிரு, உன் அடையாளத் தாள்கள் விஷயமாக விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா மட்டும் இன்னொரு குட்டான் பனங்கட்டி கேட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள்.

திரும்புகிற நாள், விமான நிலைய வாசலில் நான் முதலில் வந்து காத்திருந்தேன். வதனி தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணை. அந்த வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்து, தலையை வழித்துச் சீவி வந்தார். ஒரு நொடி, மனம் மாறிவிட்டார், வருகிறார் என்றே நினைத்தேன். அவர் கையில் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன்.

இல்லை. ஒரு சீப்புப் பூவன் பழம்தான் இருந்தது.

"வழியனுப்பவும் ஒரு நல்ல உடுப்பு வேணும்தானே" என்றார்.

உள்ளே போகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வாசலில் நின்றே கட்டிப்பிடித்து அழுதேன். இந்தமுறை அவரும் அழுதார். வதனி, "போய்ட்டு வாங்க மாமி" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. காவலர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே விட்டார். கதவு தாண்டி, பெட்டியைத் தள்ளாமல், கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தேன்.

ஒரு ஆட்டோ அவர்களை மறித்து நின்றது. அண்ணை நடந்தே போகலாம் என்று கையை ஆட்டுவது தெரிந்தது. யாரோ உள்ளே வர, கதவு மறுபடி திறந்துகொண்டது. ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "எந்த ஊருங்க?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

வதனி அப்பாவைப் பார்த்தாள்.

"இந்த ஊருதாங்க," என்றாள். "பின்னாடி முகாம்."

"அங்கதானா? ஏறுங்க, பக்கம்தானே" என்றார் அவர். அண்ணை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டை அழுக்காகாமல் பார்த்து ஏறினார். ஆட்டோ எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் போயிற்று.